ஜாகுவார்: 90 ஆண்டுகாலப் பெயரைப் பணயம் வைக்கும் டாடா

புதுதில்லி: கார் நிறுவனம் ஒன்று தன் விற்பனையைத் தானே நிறுத்திக்கொண்டு, அடுத்த கார் வரும் வரை காட்சிக்கூடத்தைக் காலியாக வைத்திருப்பது வாகனத் தொழிலில் அரிதினும் அரிது. ஜாகுவார் அதைச் செய்திருக்கிறது. தாய்நாடான பிரிட்டனில் புதிய ஜாகுவார் கார்களின் விற்பனை 2024 நவம்பரிலேயே நிறுத்தப்பட்டது. எஃப்-டைப், எக்ஸ்இ, எக்ஸ்எஃப், இ-பேஸ், ஐ-பேஸ் என ஒவ்வொரு மாதிரியாக உற்பத்தியிலிருந்து விலக்கப்பட்டது. இவை அனைத்துக்கும் மாற்றாக 2026ஆம் ஆண்டில் ஒரே ஒரு மின்சார கார் அறிமுகமாகும் என்றும், அதன் விலை ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் இருக்கும் என்றும் நிறுவனம் கூறியுள்ளது.

இந்த முடிவு பிரிட்டனில் எடுக்கப்பட்டது. ஆனால் அதன் லாபமும் நட்டமும் வந்து சேரும் இடம் மும்பை. 2008 முதல் ஜாகுவாரின் உரிமையாளர் டாடா குழுமம். டாடா மோட்டார்ஸ் 2025 அக்டோபரில் இரண்டாகப் பிரிக்கப்பட்ட பின், ஜாகுவார் லேண்ட் ரோவர் பயணிகள் வாகன நிறுவனத்தின் பக்கம் சென்றது. அந்தப் பங்கை வைத்திருக்கும் லட்சக்கணக்கான இந்தியச் சிறு முதலீட்டாளர்கள் ஜாகுவார் கார் ஒன்றில் ஒருமுறைகூட ஏறியிருக்க மாட்டார்கள். எனினும் அந்தப் பெயரின் ஏற்ற இறக்கத்தில் அவர்களுக்கும் பங்குண்டு.

கார் இல்லாத விளம்பரம்

2024 நவம்பர் 19 அன்று ஜாகுவார் தன் புதிய அடையாளத்தை வெளியிட்டது. பாயும் சிறுத்தை பின்னுக்குத் தள்ளப்பட்டு, பெரிய, சிறிய எழுத்துகள் கலந்த புதிய பெயர்ப்பலகை முன்னுக்கு வந்தது. உடன் வெளியான அரை நிமிட விளம்பரத்தில் கண்ணைப் பறிக்கும் நிறங்களில் உடையணிந்த மாடல்கள் இருந்தனர்; கார் இல்லை. "நீங்கள் கார் விற்கிறீர்களா?" என்று டெஸ்லா தலைவர் எலான் மஸ்க் எக்ஸ் தளத்தில் கேட்ட ஒற்றை வரிக் கேள்வி, விளம்பரத்தைவிட வேகமாகப் பரவியது. 2025 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்ப்பும் தம் சமூக ஊடகப் பக்கத்தில் அந்த விளம்பரத்தைக் கடுமையாகச் சாடினார்.

அதைத் தொடர்ந்து எழுந்த கூச்சல் பெரும்பாலும் பண்பாட்டு அரசியல் சார்ந்தது. விளம்பரத்தில் தோன்றியவர்கள் யார், அவர்கள் என்ன உடுத்தியிருந்தார்கள் என்பதைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதப்பட்டது. நிறுவனத்தின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் கேள்வி அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது. ஜாகுவார் என்ற பெயரை உலகம் எதற்காக மதித்தது? அந்த மதிப்பை முன்பைப் போல் இருமடங்குக்கு மேலான விலைக்கு விற்க முடியுமா? விடை தேட, நிறுவனத்தின் தொடக்கத்துக்குச் செல்ல வேண்டியுள்ளது.

பக்கப்பெட்டியில் தொடங்கிய பயணம்

வில்லியம் லயன்ஸ், வில்லியம் வாம்ஸ்லி ஆகிய இரு இளைஞர்கள் 1922இல் இங்கிலாந்தின் கடலோர நகரமான பிளாக்பூலில் ஸ்வாலோ சைடுகார் என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டில் பொருத்தும் இருக்கைப் பெட்டிதான் அவர்களது சரக்கு. லயன்ஸுக்கு அப்போது வயது 21. அவர் பொறியியல் பட்டம் பெற்றவர் அல்லர். ஆனால் எந்த வடிவம் கண்ணை நிறுத்தும் என்பதை அறிந்த பார்வை அவரிடம் இருந்தது.

1927இல் ஆஸ்டின் செவன் என்ற மலிவான சிறு காரின் அடிச்சட்டத்தை வாங்கி, அதன் மேல் தாம் வடிவமைத்த உடற்கூட்டைப் பொருத்தி விற்கத் தொடங்கினர். சாதாரணக் காருக்கு எடுப்பான தோற்றம், கைக்கு எட்டும் விலை. இந்த எளிய சூத்திரம் வெற்றி பெற்றது. அடுத்த ஆண்டே நிறுவனம் வாகனத் தொழிலின் மையமான கோவென்ட்ரிக்கு இடம்பெயர்ந்தது.

ஜாகுவார் என்ற பெயர் 1935இல் பிறந்தது. விளம்பர நிறுவனம் அளித்த விலங்கு, பறவைப் பெயர்ப் பட்டியலிலிருந்து லயன்ஸ் அதைத் தேர்ந்தெடுத்தார். அந்த ஆண்டு லண்டன் மேஃபேர் ஓட்டலில் புதிய எஸ்எஸ் ஜாகுவார் அறிமுகம் செய்யப்பட்டபோது, விருந்தினர்களிடம் காரைக் காட்டி, விலை என்னவாக இருக்கும் என்று ஊகிக்கச் சொன்னார்கள். அவர்கள் சொன்ன தொகைகளின் சராசரி 632 பவுண்டு. அறிவிக்கப்பட்ட விலை 395 பவுண்டு.

ஜாகுவாரின் வரலாற்றில் நினைவில் நிறுத்த வேண்டிய எண்கள் இவை இரண்டும். பார்ப்பவர் மனத்தில் எழும் மதிப்புக்கும் கொடுக்க வேண்டிய தொகைக்கும் இடையிலான 237 பவுண்டு இடைவெளிதான் அந்தப் பெயரின் முதல் மூலதனம். ரோல்ஸ் ராய்ஸ், பென்ட்லி போன்றவை விலையின் உயரத்தால் மரியாதை பெற்றன. ஜாகுவார் விலையின் தாழ்வால் வியப்பை ஈட்டியது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது எஸ்எஸ் என்ற எழுத்துகள் ஹிட்லரின் கொலைப்படையை நினைவூட்டின. 1945இல் நிறுவனம் அவற்றைக் கைவிட்டு, ஜாகுவார் கார்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

கூரை மேல் பிறந்த எஞ்சின்

போர்க்காலத்தில் குண்டுவீச்சால் ஏற்படும் தீயைக் கண்காணிக்க, தொழிற்சாலை ஊழியர்கள் இரவு முழுவதும் முறைவைத்துக் காவல் இருந்தனர். தலைமைப் பொறியாளர் வில்லியம் ஹைன்ஸ், வால்டர் ஹாசன், கிளாட் பெய்லி ஆகியோர் அந்தத் தூக்கமற்ற இரவுகளில் விவாதித்து உருவாக்கியதே எக்ஸ்கே எஞ்சின். 1948 லண்டன் கண்காட்சியில் எக்ஸ்கே120 என்ற விளையாட்டுக் காரில் அது முதன்முதலாக இடம்பெற்றது. பெயரில் உள்ள எண், மணிக்கு 120 மைல் வேகத்தைக் குறித்தது. அதே எஞ்சின் குடும்பம் 1990களின் தொடக்கம் வரை உற்பத்தியில் இருந்தது.

பிரான்சின் லே மான் நகரில் நடைபெறும் 24 மணி நேரப் பந்தயத்தில் 1951, 1953, 1955, 1956, 1957 என ஏழு ஆண்டுகளில் ஐந்து முறை ஜாகுவார் வென்றது. 1953 வெற்றிக்குத் துணைநின்றவை டன்லப் நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கிய டிஸ்க் பிரேக்குகள். இன்று சாலையில் ஓடும் ஏறத்தாழ எல்லாக் கார்களிலும் உள்ள அந்தத் தொழில்நுட்பம் பந்தயத் தடத்தில் நிரூபிக்கப்பட்ட தருணம் அது. 1955 வெற்றியைக் கொண்டாட யாருக்கும் மனமில்லை. அந்தப் பந்தயத்தின்போது நேர்ந்த விபத்தில் 80க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பந்தயத்துக்குச் செல்லும் வழியில் நேர்ந்த வேறொரு சாலை விபத்தில் லயன்ஸ் தம் ஒரே மகனை இழந்தார்.

1961 மார்ச்சில் ஜெனீவாவில் அறிமுகமான இ-டைப், ஜாகுவாரின் புகழை உச்சத்துக்குக் கொண்டுசென்றது. விமானத் துறையிலிருந்து வந்த மால்கம் சேயர், காற்றோட்டக் கணக்குகளைக் கொண்டு அதன் வடிவத்தைத் தீர்மானித்தார். ஜெனீவாவில் காரை ஓட்டிப் பார்க்கக் கூட்டம் அலைமோதியதால், சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ் கோவென்ட்ரியிலிருந்து இரவோடு இரவாக இரண்டாவது காரை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். அப்போதும் பழைய சூத்திரமே செயல்பட்டது. மணிக்கு 150 மைல் வேகத்தை எட்டும் என்று அறிவிக்கப்பட்ட அந்தக் கார், ஆஸ்டன் மார்ட்டின் விலையில் ஏறத்தாழ பாதிக்குக் கிடைத்தது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1996இல் ஓர் இ-டைப் காரைத் தன் நிரந்தரச் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது.

பிரிட்டிஷ் சமூகத்தில் ஜாகுவார் பெற்ற இடம் விசித்திரமானது. பிரதமர்கள் அதில் பயணித்தனர். காவல்துறை அதை ஓட்டியது. 1960களில் வங்கிக் கொள்ளையர்களும் தப்பியோட அதையே நாடினர். எலிசபெத் அரசி எக்ஸ்-டைப் காரைத் தாமே ஓட்டினார். 2022இல் அவரது இறுதிப் பயணத்துக்கு உருவாக்கப்பட்ட ஊர்தியும் ஜாகுவாரே. மேட்டுக்குடியின் மிடுக்கும் சற்றே போக்கிரித்தனமும் ஒரே பெயரில் சேர்ந்திருப்பது வேறெந்தச் சொகுசு காருக்கும் வாய்க்கவில்லை.

பெயர் கெட்ட காலம்

1966இல் லயன்ஸ் தம் நிறுவனத்தை பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனுடன் இணைத்தார். வாரிசு இல்லாத நிலையில் எடுக்கப்பட்ட முடிவு அது. இரண்டே ஆண்டுகளில் அந்தக் கூட்டு, பிரிட்டிஷ் லேலண்ட் என்ற பெருங்குழுமத்துக்குள் கரைந்தது. 1975இல் அதை அரசு கையகப்படுத்த வேண்டியதாயிற்று.

1968இல் வந்த எக்ஸ்ஜே6 சிறந்த கார் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அதைக் குறையின்றித் தயாரிக்கும் நிலையில் தொழிற்சாலை இல்லை. வேலைநிறுத்தங்கள், மூலதனப் பற்றாக்குறை, தரமற்ற உதிரிபாகங்கள் என எல்லாம் சேர்ந்து கொண்டன. ஜாகுவார் வாங்குவோர் இரண்டாக வாங்க வேண்டும், ஒன்று பணிமனையில் நிற்கும்போது மற்றொன்றை ஓட்டலாம் என்ற கேலி அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் நிலைத்துவிட்டது.

1980இல் பொறுப்பேற்ற ஜான் ஈகன் தரத்தைச் சீர்செய்வதைத் தம் முதல் வேலையாகக் கொண்டார். குறைகளைப் பட்டியலிட்டு, உதிரிபாக நிறுவனங்களைப் பொறுப்பேற்க வைத்தார். 1984இல் மார்கரெட் தாட்சர் அரசு ஜாகுவாரைப் பங்குச்சந்தை வழியாகத் தனியாரிடம் ஒப்படைத்தது. 1988, 1990 ஆண்டுகளில் லே மான் வெற்றியும் திரும்பியது.

கெட்ட பெயர் போவதற்கு மட்டும் நெடுங்காலம் பிடித்தது. 2009இல் அமெரிக்காவின் ஜே.டி.பவர் நிறுவனத்தின் வாகன நம்பகத்தன்மை ஆய்வில் ஜாகுவார், ப்யூக்குடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டது. இந்தத் தகவலை இன்று சொன்னாலும் கார் ஆர்வலர்கள் பலர் நம்ப மறுப்பார்கள்.

ஃபோர்டு இறங்கிய படிகள்

1989இல் ஃபோர்டு சுமார் 250 கோடி டாலருக்கு ஜாகுவாரை வாங்கியது. பணமும் ஒழுங்கும் வந்தன. ஆனால் ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் நிறுவனங்களுக்கு இணையான எண்ணிக்கையில் விற்க வேண்டும் என்ற ஆசையும் கூடவே வந்தது. 2001இல் ஃபோர்டு மாண்டியோவின் அடித்தளத்தில் எக்ஸ்-டைப் உருவானது. ஆண்டுக்கு ஒரு லட்சம் என்ற இலக்கை அது ஒருபோதும் எட்டவில்லை. கார் மோசமானதல்ல, "மாண்டியோவுக்கு ஜாகுவார் முகமூடி" என்ற பேச்சுதான் ஒட்டிக்கொண்டது.

லயன்ஸும் மலிவான ஆஸ்டின் அடிச்சட்டத்தில்தான் தொடங்கினார் என்பதை இங்கே நினைவுகூரலாம். வேறுபாடு விலையில் இருந்தது. அவர் சாதாரணக் காரைச் சொகுசாகக் காட்டி மலிவாக விற்றார். ஃபோர்டு சாதாரணக் காருக்குச் சொகுசு விலை கேட்டது. வாங்குபவர்கள் அதைக் கண்டுகொண்டார்கள்.

யானையும் தீனியும்

2008 மார்ச்சில் டாடா மோட்டார்ஸ், ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் சேர்த்து 230 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. ஜூன் 2இல் ஒப்பந்தம் நிறைவேறியது. ஜாகுவாருக்கு மட்டுமே ஃபோர்டு முன்பு அதைவிட அதிகம் கொடுத்திருந்தது குறிப்பிடத்தக்கது.

இந்தியாவில் இந்த வாங்கல் ஒரு பழிதீர்ப்புக் கதையாகவே சொல்லப்படுகிறது. 1999இல் கார் பிரிவை விற்க டெட்ராய்ட் சென்ற ரத்தன் டாடாவை ஃபோர்டு அதிகாரிகள் ஏளனமாகப் பேசினார்கள் என்பதும், ஒன்பதாண்டுகளில் நிலைமை தலைகீழானது என்பதும் அதன் சாரம். அந்தச் சந்திப்பில் உடனிருந்த டாடா அதிகாரி பிரவீண் காட்லே 2015இல் இதைப் பொதுமேடையில் நினைவுகூர்ந்தார். ரத்தன் டாடா 2024 அக்டோபர் 9 அன்று காலமானபோது இந்தக் கதை மீண்டும் கைபேசிகளில் வலம்வந்தது.

கதையின் மறுபாதி அவ்வளவாகப் பகிரப்படுவதில்லை. ஒப்பந்தம் முடிந்த மூன்றே மாதங்களில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலானது. சொகுசு கார் விற்பனை சரிந்தது. வாங்குவதற்காகப் பெற்ற 300 கோடி டாலர் குறுகியகாலக் கடன் கழுத்தை நெரித்தது. 2008-09 நிதியாண்டில் டாடா மோட்டார்ஸ் குழுமம் சுமார் 2,500 கோடி ரூபாய் நட்டத்தைப் பதிவு செய்தது. பிரிட்டன் அரசின் கடன் உத்தரவாதத்துக்காக மாதக்கணக்கில் பேச்சு நடந்தது. விதிக்கப்பட்ட நிபந்தனைகள் ஏற்புடையதாக இல்லாததால், டாடா தனியார் வங்கிகளிடம் சென்று நிதி திரட்டிக்கொண்டது. யானையை வாங்கிவிட்டார்கள், தீனிக்கு என்ன செய்வார்கள் என்று அன்று கேட்டவர்கள் அவசரக்காரர்கள் அல்லர்.

தீனி போட்டது லேண்ட் ரோவர். சீனாவிலும் அமெரிக்காவிலும் ரேஞ்ச் ரோவருக்கு எழுந்த வரவேற்பு, சில ஆண்டுகளிலேயே அந்த நிறுவனத்தை டாடா மோட்டார்ஸின் லாப ஊற்றாக மாற்றியது. ஜாகுவாருக்கும் முதலீடு தாராளமாக வழங்கப்பட்டது. எக்ஸ்ஜே புதுப்பிக்கப்பட்டது, எஃப்-டைப் வந்தது, எஃப்-பேஸ் 2017இலும் மின்சார ஐ-பேஸ் 2019இலும் உலகின் சிறந்த கார் விருதை வென்றன. ஜெர்மன் நிறுவனங்களைத் தவிர வேறு யாரும் அப்போது ஐ-பேஸ் போன்ற ஒரு மின்சார காரைத் துணிந்து கொண்டுவந்திருந்தால் கொண்டாடியிருப்பார்கள். ஜாகுவார் கொண்டுவந்தது, விருதுகள் குவிந்தன, வாங்குவோர் குவியவில்லை.

விற்பனை 2018இல் சுமார் 1.80 லட்சம் கார்களைத் தொட்டது. ஜாகுவார் அதற்கு மேல் செல்லவே இல்லை. பிஎம்டபிள்யூ அதே ஆண்டில் 20 லட்சத்துக்கும் மேல் விற்றது. குறைந்த எண்ணிக்கை, ஜெர்மானியருக்கு இணையான ஆராய்ச்சிச் செலவு, அவர்களை ஒட்டிய விலை. இந்தக் கணக்கு எந்தத் தணிக்கையாளரின் மேசையிலும் நேராகாது. சீனச் சந்தை மந்தம், டீசல் மீதான வெறுப்பு, பிரெக்சிட் குழப்பம் ஆகியவையும் சேர்ந்துகொள்ள, 2018 அக்டோபர்-டிசம்பர் காலாண்டில் டாடா மோட்டார்ஸ் 26,961 கோடி ரூபாய் நட்டத்தை அறிவித்தது. பிரிட்டிஷ் துணை நிறுவனத்தின் சொத்து மதிப்பைக் குறைத்து எழுதியதே அதற்கு முக்கியக் காரணம்.

97.5 சதவீதச் சரிவின் உண்மை

2021 பிப்ரவரியில் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி தியெரி பொலோரே, 2025 முதல் ஜாகுவார் முற்றிலும் மின்சார காராக மாறும் என்று அறிவித்தார். ஏறத்தாழ தயாராக இருந்த மின்சார எக்ஸ்ஜே திட்டம் அதே அறிவிப்பில் கைவிடப்பட்டது. பொலோரே 2022 முடிவில் விலகினார், திட்டம் தொடர்ந்தது. 2023இல் நிறுவனம் தன் பெயரை ஜேஎல்ஆர் என்று சுருக்கி, ரேஞ்ச் ரோவர், டிஃபெண்டர், டிஸ்கவரி, ஜாகுவார் ஆகியவற்றை நான்கு தனித்தனி பிராண்டுகளாக அறிவித்தது.

2025இல் சமூக ஊடகங்களில் ஒரு புள்ளிவிவரம் பரவியது. ஐரோப்பாவில் 2024 ஏப்ரலில் 1,961 ஜாகுவார் கார்கள் பதிவாயின. 2025 ஏப்ரலில் 49 மட்டுமே. சரிவு 97.5 சதவீதம். வண்ண உடை விளம்பரம் ஒரு நிறுவனத்தையே அழித்துவிட்டது என்ற முடிவுரையுடன் அந்தச் செய்தி தமிழ் வாட்ஸ்அப் குழுக்கள் வரை வந்தது.

எண்கள் சரியானவை, முடிவுரை தவறானது. விற்பதற்குக் கார் இல்லாததால்தான் விற்பனை இல்லை. விளம்பரம் வெளிவருவதற்கு முன்பே பெரும்பாலான மாதிரிகளின் உற்பத்தி திட்டமிட்டு நிறுத்தப்பட்டுவிட்டது. கடைக்குப் பூட்டுப் போட்ட பின் கல்லாவில் பணம் விழவில்லை என்று சொல்வதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

ஆனால் இதைக் கொண்டு நிறுவனத்தை முழுமையாக விடுவித்துவிடவும் முடியாது. 2024-25 நிதியாண்டில் ஜாகுவார் விற்பனை 27,000க்கும் கீழே வந்துவிட்டது. பழைய கார் நின்று புதிய கார் வருவதற்குள் இவ்வளவு நீண்ட இடைவெளி விட்டது நிர்வாகத்தின் தெரிவு. அந்த இடைவெளியில் பழைய வாடிக்கையாளர்கள் வேறு நிறுவனங்களின் வாசலுக்குச் சென்றனர். அவர்களில் பெரும்பாலோர் திரும்பமாட்டார்கள் என்பதை நிர்வாகமே ஏற்றுக்கொண்டு, முற்றிலும் புதியவர்களைத் தேடுவதாகச் சொல்கிறது. தொண்ணூறு ஆண்டுகள் சேர்த்த பெயரை வைத்துக்கொண்டு, அந்தப் பெயரை நேசித்தவர்களை வேண்டாம் என்பது துணிச்சலா, அலட்சியமா என்பது கார் வந்த பின்பே தெரியும்.

லேண்ட் ரோவர் தரும் அவகாசம்

இத்தகைய சோதனையைச் செய்துபார்க்கும் வசதி ஜாகுவாருக்கு எப்படிக் கிடைத்தது? 2024-25இல் ஜேஎல்ஆர் 250 கோடி பவுண்டு வரிக்கு முந்தைய லாபம் ஈட்டியது. பத்தாண்டுகளில் இதுவே அதிகம். வருவாய் சுமார் 2,900 கோடி பவுண்டு. நிறுவனம் விற்ற சுமார் 4 லட்சம் வாகனங்களில் மூன்றில் இரண்டு பங்கு அளவு ரேஞ்ச் ரோவர், ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட், டிஃபெண்டர் ஆகிய மூன்றே மாதிரிகள். வீட்டில் சம்பாதிக்கும் மூத்த பிள்ளை இருக்கும் வரை இளையவன் தொழில் மாற்றிப் பார்க்கலாம்.

அந்த மூத்த பிள்ளைக்கு 2025 கடினமான ஆண்டாக அமைந்தது. ஏப்ரலில் அமெரிக்கா விதித்த 25 சதவீதக் கூடுதல் வரியால் அந்நாட்டுக்கான ஏற்றுமதி சில வாரங்கள் நிறுத்தப்பட்டது. பின்னர் பிரிட்டன்-அமெரிக்க உடன்பாட்டால், ஆண்டுக்கு ஒரு லட்சம் கார்கள் என்ற வரம்புக்குள் வரி 10 சதவீதமாகக் குறைந்தது. ஆகஸ்ட் இறுதியில் நடந்த இணையத் தாக்குதல் அதைவிடப் பெரிய அடி. செப்டம்பர் முழுவதும் தொழிற்சாலைகள் முடங்கின. அக்டோபர் இரண்டாம் வாரத்தில்தான் படிப்படியாக உற்பத்தி தொடங்கியது. உதிரிபாகம் வழங்கும் சிறு நிறுவனங்கள் நிலைகுலைந்ததால், 150 கோடி பவுண்டு கடனுக்கு பிரிட்டன் அரசு உத்தரவாதம் அளித்தது. 2009இல் கைகூடாமல் போன அரசு உத்தரவாதம் 16 ஆண்டுகள் கழித்து ஹேக்கர்களின் புண்ணியத்தில் கிடைத்தது என்று சொல்லலாம்.

தாக்குதலால் பிரிட்டன் பொருளாதாரத்துக்கு ஏற்பட்ட இழப்பு 190 கோடி பவுண்டு என்றும், சுமார் 5,000 நிறுவனங்கள் பாதிக்கப்பட்டன என்றும் அந்நாட்டின் இணையக் கண்காணிப்பு மையம் மதிப்பிட்டது. ஜூலை-செப்டம்பர் காலாண்டில் ஜேஎல்ஆர் 48.5 கோடி பவுண்டு நட்டத்தைக் காட்டியது. பிரிட்டனில் அந்நிறுவனத்தில் 30,000க்கும் மேற்பட்டோர் பணிபுரிகின்றனர். அவர்களில் பலருக்கு, ஜாகுவாரின் புதிய எழுத்துரு எப்படி இருக்கிறது என்பதைவிட அடுத்த மாத வேலை நேர அட்டவணையே பெரிய செய்தி.

சென்னை ஐஐடியிலிருந்து கோவென்ட்ரிக்கு

இந்தச் சூழலில்தான் 2025 நவம்பரில் பி.பி.பாலாஜி தலைமைச் செயல் அதிகாரியாகப் பொறுப்பேற்றார். சென்னை ஐஐடியில் இயந்திரப் பொறியியலும் கொல்கத்தா ஐஐஎம்மில் மேலாண்மையும் பயின்ற அவர், அதற்கு முன் டாடா மோட்டார்ஸ் குழுமத்தின் தலைமை நிதி அதிகாரி. இந்நிறுவனத்துக்கு இந்தியர் ஒருவர் தலைமையேற்பது இதுவே முதன்முறை. கடனைக் கரைத்த நிதித்துறை அனுபவம் அவரது பலம். ஆனால் ஜாகுவார் இன்று எதிர்கொள்வது கணக்குப் புத்தகத்துக்குள் அடங்காத சிக்கல்.

முதலாவது, காலம். திட்டம் வகுக்கப்பட்ட 2021இல் சொகுசு கார் உலகம் முழுவதும் மின்சாரத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. இன்று அந்த ஓட்டம் தளர்ந்துள்ளது. முழு மின்மயமாக்கல் இலக்கை பென்ட்லி 2030இலிருந்து 2035க்குத் தள்ளிவைத்தது. 2025 செப்டம்பரில் போர்ஷே தன் மின்சாரத் திட்டங்களைத் தாமதப்படுத்தி, பெட்ரோல், ஹைபிரிட் மாதிரிகளைத் தொடர முடிவு செய்தது. விலையுயர்ந்த மின்சார கார்களின் மறுவிற்பனை மதிப்பு விரைவாகச் சரிவதும் வாங்குவோரைத் தயங்கவைக்கிறது. மற்றவர்களுக்குத் திரும்பிச் செல்லப் பெட்ரோல் மாதிரிகள் உள்ளன. ஜாகுவார் தன் பாலத்தைத் தானே எரித்துவிட்டுக் கரையேறியிருக்கிறது.

இரண்டாவது, விலை. 2024 டிசம்பரில் மியாமியில் காட்டப்பட்ட டைப் 00 மாதிரி, நீண்ட முகப்பும் தாழ்ந்த கூரையும் கொண்டு கவனத்தை ஈர்த்தது. ஒருமுறை மின்னேற்றினால் 770 கிலோமீட்டர் வரை செல்வதே இலக்கு என்று நிறுவனம் கூறியது. எதையும் நகலெடுக்கக்கூடாது என்ற லயன்ஸின் கொள்கையையே புதிய முழக்கமாக வைத்திருப்பதாகவும் விளக்கியது. ஆனால் லயன்ஸின் கொள்கையில் பாதியைத்தான் அவர்கள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவரது காரைப் பார்த்தவர்கள் 632 என்று நினைத்து 395 கொடுத்தார்கள். இப்போதைய திட்டம் வெற்றி பெற, பார்ப்பவர் நினைக்கும் தொகையை முழுமையாகக் கேட்டு வாங்க வேண்டும். பென்ட்லி, போர்ஷே வாடிக்கையாளர் அதைக் கொடுக்கக்கூடும். கொடுத்தால் அது ஜாகுவார் வரலாற்றில் முதன்முறை.

நிறுவனத்தின் தரப்பிலும் நியாயம் உண்டு. லயன்ஸின் வழி குறைந்த ஊதியமும், ஏற்றுமதிச் சந்தையின் பசியும் இருந்த காலத்துக்கு உரியது. அதே வழியில் ஃபோர்டும் பின்னர் டாடாவும் தொடர்ந்து முயன்று பணத்தை இழந்தன. ஆண்டுக்குச் சில ஆயிரம் கார்களை அதிக லாபத்தில் விற்பது, நட்டத்தில் லட்சம் விற்பதைவிட மேல். மூடிவிடுவது மூன்றாவது வழி. அதை டாடா தேர்ந்தெடுக்கவில்லை.

இந்தியாவுக்கு என்ன?

2009இல் மும்பையில் அறிமுகமான ஜாகுவார், இந்தியச் சொகுசு சந்தையில் ஜெர்மன் நிறுவனங்களை நெருங்கியதே இல்லை. லேண்ட் ரோவரின் நிலை வேறு. ரேஞ்ச் ரோவர், ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட் ஆகியவற்றை புனேயில் ஒருங்கிணைக்கும் முடிவு 2024 மே மாதம் அறிவிக்கப்பட்டபோது விலை கணிசமாகக் குறைந்தது. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாய் முதலீட்டில் டாடா மோட்டார்ஸ் அமைக்கும் ஆலைக்கு 2024 செப்டம்பர் 28 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். டாடா வாகனங்களுடன் ஜேஎல்ஆர் வாகனங்களும் அங்கு தயாராகும், சுமார் 5,000 பேருக்கு வேலை கிடைக்கும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது.

புதிய ஜாகுவாரோ பிரிட்டனின் சோலிஹல் ஆலையில்தான் தயாராகும். 2025 ஜூலையில் கையெழுத்தான இந்தியா-பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தம், 100 சதவீதத்துக்கும் மேல் இருந்த கார் இறக்குமதி வரியை ஒதுக்கீட்டு வரம்புக்குள் படிப்படியாக 10 சதவீதமாகக் குறைக்கிறது. ஆனால் மின்சார, ஹைபிரிட் வாகனங்களுக்கான சலுகை ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த ஆறாவது ஆண்டிலிருந்துதான் தொடங்கும். பெட்ரோலில் ஓடும் ரேஞ்ச் ரோவருக்கு முதல் ஆண்டே கிடைக்கும் பயன், இந்தியருக்குச் சொந்தமான ஜாகுவாரின் ஒரே மின்சார காருக்கு இந்தியாவில் கிடைக்க அதுவரை காத்திருக்க வேண்டும்.